பூட்டிய மண்டபங்கள்: இலவசமாகத் தூங்க ஓர் இடம்

தீபகற்ப மலேசியாவைக் காரில் ஒரு முழுச் சுற்று சுற்றிவர எவ்வளவு ஆகும்? ஜொகூர் பாருவில் கிளம்பி மூன்றாம் எண் கூட்டரசு சாலையில் மெர்சிங், குவாந்தான், கோல திரங்கானு, கோத்தா பாரு. அங்கிருந்து ஜெலி வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைக் கடந்து கிரிக். பிறகு பாலிங், சுங்கை பட்டாணி. தெற்கே திரும்பித் தைப்பிங், ஈப்போ. கடைசியாக ஐந்தாம் எண் சாலையைப் பிடித்துத் தெலுக் இந்தான், கிள்ளான், போர்ட்டிக்சன், மலாக்கா, மூவார், பத்து பஹாட் என்று மேற்குக் கரையோரமாகவே வீடு. சுமார் 1,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பழைய மைவி என்றால் 120 லிட்டர். ரோன்95 பல ஆண்டுகள் விற்ற 2.05 ரிங்கிட் விலையில் 246 ரிங்கிட். பழைய சாலைகளில் டோல் கிடையாது. மூன்று பேர் பங்கு போட்டால் தலைக்கு 82 ரிங்கிட். ஒரு நாட்டை முழுதாகப் பார்க்க இது பெரிய காசு இல்லை.

விலை எல்லாம் தூக்கத்துக்குத்தான். ஒன்பது இரவு. ஆணும் பெண்ணுமாகப் போனால் இரண்டு அறை. சின்ன ஊர் பட்ஜெட் ஹோட்டலில்கூட இரண்டு அறைக்கு ராத்திரிக்கு 150 முதல் 200 ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,350இலிருந்து 1,800 வரை. நாட்டைச் சுற்ற 246, அந்த நாட்டில் கண்ணை மூட அதைப்போல சுமார் ஐந்தரை முதல் ஏழு மடங்கு. ஆகவேதான் நம் இளைஞர்கள் புலனத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "மச்சான், ப்ரீயா எங்கெங்க தூங்கலாம்? லிஸ்ட் இருந்தா அனுப்பு." வலையொளியில் அதற்கென்றே காணொலிகள் குவிகின்றன. பத்து நாள், பூஜ்ய ரிங்கிட் தங்கும் செலவு, நம்ப மாட்டீர்கள், கடைசிவரை பாருங்கள்.

இந்த 'லிஸ்ட்' மனநிலையோடுதான் எனக்குச் சண்டை. இலவச இடம் என்று பூமியில் ஒன்றும் தானாக முளைத்துக் கிடக்கவில்லை. யாரோ ஒருவர் கொடுக்கும் இடம் இருக்கிறது, யாரோ ஒருவர் மறுக்கும் இடம் இருக்கிறது. விளக்கை எரியவிட்டவர் ஒருவர், கழிவறையைக் கழுவியவர் ஒருவர், "படுத்துக்கோ" என்று சொன்னவர் ஒருவர். அவர்களை அழித்துவிட்டு வரைபடத்தில் ஒரு புள்ளியை மட்டும் வைப்பதைப் பயணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் கொடுத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் அடுத்த கேள்வியும் கூடவே வந்துவிடும். நாம் கொடுத்தோமா?

முதலில் உபயோகமான விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதற்கு நேரம் இருக்கிறது.

இந்த நாட்டில் சாலையோரத் தூக்கத்தின் ஆசான்கள் லாரி ஓட்டுநர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்ததிலிருந்து ஆர் அண்ட் ஆர் எனப்படும் ஓய்விடங்களே அவர்களுடைய படுக்கையறை. கழிவறை, சுராவ், சாப்பாட்டுக் கடை, விடியவிடிய விளக்கு, பல இடங்களில் குளிக்கவும் வசதி. நடுராத்திரியில் தாப்பாவில் நிறுத்திப் பாருங்கள், காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஒரு ஊரே உறங்கும். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில. விளக்குக்கும் சுராவுக்கும் அருகில் நிறுத்து. குளிர்பதன லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தாதே, அதன் இரைச்சல் விடியும்வரை அடங்காது. என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருபோதும் தூங்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அது உன்னை எழுப்பாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவலைத் துணியை உள்பக்கம் மாட்டு. அவசரத் தடத்தில் ஐந்து நிமிடம்கூடக் கண்ணயராதே.

ஆனால் ஆர் அண்ட் ஆர் டோல் சாலையின் சொத்து. நான் சொன்ன வட்டத்தில் பெரும்பகுதி பழைய கூட்டரசு சாலைகள். அங்கே 24 மணிநேரப் பெட்ரோல் நிலையங்கள் உண்டு. கல்லாவில் கேட்டுவிட்டு ஓரமாக நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மிதிவண்டியில் தூரதேசம் போகிறவர்கள் பொம்பா நிலையத்தில் கேட்டுக் கூடாரம் போடுகிறார்கள். கிழக்குக் கரையில் கடற்கரைகள் உண்டு. ஆனால் நவம்பர் தொடங்கிப் பருவமழை முடியும்வரை அந்த எண்ணமே வேண்டாம். ஆற்றங்கரைக் கூடாரம் என்றால் 'கெப்பாலா ஆயிர்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மலையில் பெய்யும் மழை கீழே இருக்கும் உங்களுக்குத் தெரியாது, தண்ணீர் சுவர்போல வரும். கிரிக் ஜெலி பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். சுமார் 120 கிலோமீட்டருக்குக் காடு, யானை, இருட்டு. 1982இல் திறந்தபோது கம்யூனிஸ்ட் கலகத்தால் ராத்திரியில் மூடிவைத்த சாலை அது. இப்போது யாரும் மூடுவதில்லை, யானைகளும் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை.

காசு கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலி அருகே நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். கட்டணம் கட்டிக் கூடாரத்தில் தூங்கியவர்கள். முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமமே இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். விலை வேறு, பொறுப்பு வேறு.

இனி சண்டைக்கு வருகிறேன்.

இந்த வட்டத்தை நானும் இரு நண்பர்களும் போனோம். அவர்களில் ஒருவர் பெண். கிழக்குக் கரையில் ஒரு கம்போங் மசூதி. இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளரான பெரியவரிடம் போய், நாங்கள் முஸ்லிம் இல்லை, வெளித் திண்ணையில் இன்று இரவு படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். அவர் முதலில் கேட்டது ஊரையோ பேரையோ இல்லை. "சூடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா. பிறகு அடையாள அட்டையைப் பார்த்தார், தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டார், சுபுஹுக்கு முன் எழுந்துவிடச் சொன்னார். தோழியைப் பெண்கள் பக்கத்துக்கு அழைத்துப்போக வீட்டிலிருந்து மனைவியை வரவழைத்தார். அந்த அம்மா தலையணையோடு வந்தார். இன்னொரு மசூதியில் முடியாது என்றார்கள். ஆனால் அடுத்த கம்போங்கில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுப்பதிலும் ஒரு வழி காட்டல் இருந்தது.

இது அந்தப் பெரியவரின் தங்கமான மனசு மட்டுமில்லை. ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் 'இப்னு சபீல்', அதாவது வழிப்போக்கரும் ஒருவர். பயணி என்பவர் அந்த மதத்தின் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு தலைப்பு. இன்று பல மசூதிகளில் 'முசாஃபிர்' அறை என்று பலகை மாட்டியே வைத்திருக்கிறார்கள். குருத்துவாராவும் அப்படித்தான். மேற்கே ஒரு நகரத்தில் நாங்கள் போய் நின்றபோது சோறு முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது. லங்கார் பந்தியில் எல்லாரும் ஒரே தரையில் உட்காருகிறார்கள். சாதி பார்த்து உட்காரவைக்கும் வழக்கத்தை உடைக்கவே அந்தப் பந்தி உண்டானது. பாய் கொடுத்தார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அவ்வளவுதான் விதிமுறை.

பிறகு நம்ம ஊர்.

தெலுக் இந்தானைத் தாண்டித் தெற்கே வரவர நம் முகங்கள் கூடுகின்றன. செம்பனை, பழைய தோட்டத்துப் பெயர்ப்பலகை, சில மைல்களுக்கு ஒரு கோபுரம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி மலாயில் யோசித்துக் கேட்க வேண்டாம், தமிழில் கேட்கலாம். ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு கோயில். பெயர் வேண்டாம், அந்தப் பெயர் எந்தக் கோயிலின் பெயராகவும் இருக்கலாம். பக்கத்திலேயே புத்தம்புது மண்டபம், பளிங்குத் தரை, ஆயிரம் பேர் உட்காரலாம். அன்று திருமணம் எதுவும் இல்லை, காலியாகக் கிடந்தது. நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் வண்டியில் ஏறப் போனவர் நின்றார்.

"ஐயா, ஜேபிலேர்ந்து வர்றோம். மண்டபத்து ஓரமா இன்னைக்கு ஒரு ராத்திரி படுத்துக்கலாமா? காலைல ஆறு மணிக்குள்ள கெளம்பிருவோம்."

"தம்பி, இது கோயிலு. லோஜிங் இல்ல."

"உள்ள வேணாம் ஐயா, வெளிய வராந்தாவுலயே..."

"அதெல்லாம் கமிட்டில கேக்கணும். பொம்பளப் பிள்ளையோட வேற வந்திருக்கீங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆனா யார் பதில் சொல்றது?"

கேட்டை இழுத்துப் பூட்டினார். கெட்ட மனிதர் இல்லை. பூட்டும்போதுகூட "பார்த்துப் போங்க" என்றார். காரில் ஏறியதும் தோழி சொன்னாள்: "ஏதாச்சும் ஆயிரும்னு பயந்தா உள்ளதானே விடணும்? வெளியதானே ஆகும்?"

அதற்கு இன்றுவரை எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு கோயில்கள். ஒன்றில் ஆளே இல்லை, கேமரா மட்டும் இருந்தது. இன்னொன்றில், "முன்னாடி விட்டோம் தம்பி, ஏதோ களவு போச்சு, அதோட நிப்பாட்டிட்டோம்." அன்றிரவு பெட்ரோல் நிலையத்தில் தூங்கினோம். நாங்கள் இருவர் தூங்கினோம் என்று சொல்வதுதான் சரி. கார் கதவை எவனாவது தட்டுவானோ என்று அவள் விழித்தே கிடந்தாள். இலவச இடங்களின் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆணுக்குப் பூஜ்ய ரிங்கிட்டில் கிடைக்கிற வாகன நிறுத்துமிடம், பெண்ணுக்கு ஒரு ராத்திரி முழுக் காவல். மசூதியில் தலையணையோடு வந்த அந்த அம்மாதான் எங்கள் பயணத்திலேயே அவளுக்குக் கிடைத்த உண்மையான இலவச இடம்.

மூன்று கோயிலைப் பார்த்துவிட்டு மொத்தச் சமூகத்தையும் திட்டுகிறாயா என்று கேட்பீர்கள். சரி, உங்கள் ஊர்க் கோயிலில் இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அந்நியர் வந்து படுக்க இடம் கேட்டால் என்ன நடக்கும்? சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கும் விடை தெரியும்.

இத்தனைக்கும் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிற குறளைப் பளிங்கில் பொறித்துச் சுவரில் பதிக்கிறவர்கள் நாம். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதியவர், முன்பின் தெரியாதவர். மச்சானும் சம்பந்தியும் வந்தால் சோறு போடுவது விருந்தோம்பல் கணக்கில் சேராது, அது மொய்க் கணக்கு. மணிமேகலையில் புகார் நகரத்து உலக அறவி என்ற அம்பலம் வருகிறது. போக்கிடமற்றவர்கள் வந்து தங்கும் பொது இடம். காப்பியத்தின் நாயகி அமுதசுரபியோடு போய் நிற்பது அங்கேதான். நாம் மேடையில் பேசுவது அந்தக் காப்பியத்தைப் பற்றி, பேசி முடித்ததும் பூட்டுவது இந்த மண்டபத்தை.

உடனே சிலர் சத்திர மரபைப் பற்றி உருக ஆரம்பிப்பார்கள். அதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. சத்திரங்கள் பலவற்றில் யார் எங்கே படுக்கலாம், யாருக்கு யார் சமைக்கலாம் என்று சாதிதான் தீர்மானித்தது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கிலும் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் வட்டிக் கணக்கு எழுதிய அதே தரையில் ராத்திரி பாயை விரித்துப் படுத்தார்கள். கப்பல் இறங்கி வருகிறவருக்கு ஊர்க்காரர்கள் நடுவே ஓர் இடம். அழகான ஏற்பாடுதான், ஆனால் நகரத்தாருக்கு மட்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனுக்கு அந்தத் தரை கிடையாது. ஆகவே பழைய பெருமையை மீட்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாருக்குமான இடம் நம் மரபில் அபூர்வமாகத்தான் நடந்தது. சாதி கேட்காமல் சோறு போட 1867இல் வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கியது அதனால்தான் இன்றும் பேசப்படுகிறது. நாம் செய்ய வேண்டியது புது வேலை.

இந்த மண்ணில் அதற்கு ஒரு சின்ன முன்மாதிரி இருந்தது. பெரிய மண்டபங்களில் இல்லை, லயத்து அஞ்சடியில். தோட்டத்தில் பிறந்த எந்தப் பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள். வேலை தேடி வந்தவர், கூத்துக்காரர், துணி மூட்டைக்காரர், வழி தவறியவர் எல்லாரும் அஞ்சடியில் படுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் இடம் இருந்து கொடுக்கவில்லை. ஒரே அறை, அதில் ஏழு பேர். தோட்டங்கள் துண்டானபோது லயங்கள் போயின. கோயிலை மட்டும் எப்படியோ பெயர்த்தெடுத்துக்கொண்டு வந்தோம். நீதிமன்றம் ஏறி, கையெழுத்து வாங்கி, வீதியில் நின்று காப்பாற்றினோம். அந்தக் கோயிலோடு அஞ்சடியும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மண்டபம்தான் வந்தது, அதற்கு வாடகையும் வந்தது.

இதெல்லாம் ஊர் சுற்றுகிற நாலு இளைஞர்களின் வசதிக்காகப் பேசுவதா என்று நீங்கள் எரிச்சலடையலாம். எரிச்சல் நியாயம். எங்களுக்குக் கார் இருந்தது, திரும்பிப் போக வீடு இருந்தது. அதனால்தான் எங்கள் தூக்கத்துக்கு 'அட்வென்சர்' என்று பெயர். இவையிரண்டும் இல்லாதவர் அதே ஐந்தடி நடைபாதையில் அதே பாயை விரித்தால் அதற்கு வேறு பெயர். மலேசியாவில் 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் இருக்கிறது. அதன்படி பொது இடத்தில் சும்மா இருப்பவர், கண்ணுக்குத் தெரிந்த பிழைப்போ வசிப்பிடமோ இல்லாதவர், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாதவர், பிச்சை எடுக்காவிட்டாலும் ஆதரவற்றவர்தான். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் நல இல்லத்தில் மூன்றாண்டு வரை வைக்கலாம். சிங்கப்பூரிலும் 1989ஆம் ஆண்டின் இதே வகைச் சட்டம் உண்டு. எங்கள் பயணத்தின் முதல் ஊர் மெர்சிங். நமக்கு அது தியோமான் தீவுக்குப் படகேறும் ஊர். ஆதரவற்றோரை அனுப்பிவைக்கும் டேசா பினா டிரி இல்லமும் அதே ஊரில்தான். ஒரே சாலை. கையில் கார் சாவி இருந்தால் சுற்றுலா, இல்லாவிட்டால் மறுவாழ்வு.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். பத்துமலையில் அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் நடைபாதையில், படிக்கட்டில், கடை வாசலில் தூங்குகிறார்கள். குழந்தைகள் தூங்குகின்றன, பாட்டிகள் தூங்குகிறார்கள். யாரும் யாரிடமும் திருப்தியான விளக்கம் கேட்பதில்லை. தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, சோறு இருக்கிறது, நடமாடும் கழிவறைகூட இருக்கிறது. நம்மால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மறுவாரம் அதே இடத்தில் ஒரே ஒருவர் படுத்தால் எழுப்பி விரட்டுகிறோம். அந்நியர் தூங்குவது அசுத்தம் என்று நமக்கு நிஜமாகவே தோன்றியிருந்தால் அந்த ஓர் இரவும் தோன்றியிருக்க வேண்டுமே?

பழைய கதை பேசுவதாக நினைக்காதீர்கள். 2014இல் கோலாலம்பூர் நடுநகரில் இலவசச் சோறு போடும் குழுக்களை விரட்ட அமைச்சரே அறிவிப்பு விட்டார். 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியது. எங்கள் ஜொகூர் ஆட்கள், தினமும் விடிகாலை நாலு மணிக்குப் பாலம் ஏறுகிறவர்கள், சிங்கப்பூர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வெளியே படுத்துக்கிடந்த படங்களை எல்லாரும் பார்த்தோம். சம்பளம் வாங்குகிறவர்கள், வீடு இருக்கிறவர்கள். ஒரே அறிவிப்பில் பாய் இல்லாதவர்கள் ஆனார்கள். தங்க இடமற்றவர் என்பது வேறு ஒரு சாதி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று புரிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் ஏறியபோது மசூதிகளும் குருத்துவாராக்களும் கோயில்களும் சோறும் அடைக்கலமும் தந்தன. ஆக, கதவைத் திறக்க நமக்குத் தெரியும். கூரை வரை தண்ணீர் வந்தால்தான் திறப்போம் என்கிறோம்.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க மாட்டேன். களவு போகும். போகட்டும் என்று சொல்லவில்லை. உண்டியலும் சந்நிதியும் பூட்டியே இருக்கட்டும், திறக்கச் சொல்வது மண்டபத்தின் ஓர் ஓரத்தை. தீட்டு? சந்நிதிக்குள் படுக்க யாரும் கேட்கவில்லை. குடித்துவிட்டு வருவார்கள்? வந்தால் அனுப்பிவிடுங்கள், குருத்துவாராவிலும் அனுப்பிவிடுவார்கள். ஏதாச்சும் ஆனால் யார் பொறுப்பு? பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. ஒருவருக்கு ஓர் இரவு, தேவைப்பட்டால் மூன்று. பெண்களுக்குத் தாழ்ப்பாளோடு தனி அறை. மணமகள் அறை என்று ஒன்று எல்லா மண்டபத்திலும் சும்மாதான் கிடக்கிறது. ஒரு குளியலறை, நான்கு பாய், ஒரு மின்விசிறி. மாவட்டத்துக்கு ஒரு கோயில் போதும். கும்பாபிஷேகத்துக்குச் செலவாகிற காசில் பூ அலங்காரத்துக்கு ஒதுக்குவது இதை ஒரு வருடம் ஓட்டும் என்று நினைக்கிறேன். தவறென்றால் உங்கள் கோயில் கணக்கைக் காட்டித் திருத்துங்கள், மகிழ்ச்சியாக ஏற்கிறேன்.

இலக்கியம் வாசிக்கிற உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? நம் தலைமுறை இந்த நாட்டை எழுதத் தொடங்கியிருக்கிறது. நல்லது. ஆனால் நாம் எழுதும் நாடு பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பினாங்கு வரை உள்ள நெடுஞ்சாலை ஓரம்தான். ஜெலியில் ராத்திரி எப்படி இருட்டும் என்று நம் கதைகளுக்குத் தெரியாது. விடுதி அறையிலிருந்து பார்த்து எழுதினால் தெரியவும் தெரியாது. அந்நியர் வீட்டுத் திண்ணையில் படுக்கும்போதுதான் ஒரு ஊர் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பது உடம்பில் உறைக்கும். கிழக்கே போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். பட்டியல் வேண்டாம், கேளுங்கள். கேட்டுத்தான் தூங்க வேண்டும். மறுநாள் கிளம்பும்போது திண்ணையைக் கூட்டிவிட்டு, முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள். அந்த இடத்தைக் காணொலியில் போட்டு நூறு பேரை அனுப்பாதீர்கள். ஒரு பெரியவரின் நல்ல மனதை அதைவிடச் சீக்கிரமாகக் கொல்ல வேறு வழியில்லை.

வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. நம் கோயில்களில் பல சங்கங்களின் பதிவிலாகாவில் பதிந்தவை. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். அப்பா உறுப்பினராக இருப்பார், மாமா செயலவையில் இருப்பார். நீங்கள் இதுவரை அந்தப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள், அதனால்தான் அங்கே மண்டப வாடகையைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. உறுப்பினராகச் சேருங்கள். அடுத்த கூட்டத்துக்கு எழுத்துபூர்வமாக ஒரு தீர்மானம் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"இரவில் தங்க இடம் கேட்டு வரும் எவருக்கும், இனம், சாதி, மதம், பால் பாராமல், மண்டபத்தின் ஒரு பகுதியை ஓர் இரவுக்குத் திறந்துவிட இக்கூட்டம் முடிவு செய்கிறது."

தோற்றால் தோற்கட்டும். எத்தனை பேர் கை தூக்கினார்கள், எத்தனை பேர் தூக்கவில்லை என்பது கூட்டக் குறிப்பில் பதிவாகும். மறு ஆண்டும் அனுப்புங்கள்.